கொல்லை அறை வழியாக நீச்சல் குளத்துக்கு

வையம்பட்டி ரயில் நிலையத்திலிருந்து திருச்சி ஜங்ஷன் முப்பத்தோரு மைல். 1962-ஆம் வருடம், ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு ரூபாய் இருபது நயா பைசா கொடுத்து மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் சும்மா இருந்தேன். ஊரில் எல்லோரும் என்னை டிரில் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். டிரில் கைவசம் இருந்தது, டீச்சர் வேலைதான் இல்லை.

போகிற காரியம் இதுதான். திருச்சி கண்டோன்மெண்ட் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் புதிதாக நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். நீந்தத் தெரிந்த டிரில் டீச்சர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. விண்ணப்பம் போட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து நீந்திக் காட்ட வேண்டும், குறித்த நேரத்தில் நீந்தாதவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வதற்கில்லை என்று பதில் எழுதியிருந்தார்கள்.

"இந்த ஒண்ணைப் போய்ப் பாத்துட்டு வா. ஆகலேன்னா தாமரைப்பாடிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடறேன்" என்றார் அப்பா. தாமரைப்பாடி மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, அவரை நான் பார்த்தது கூட இல்லை. ஆனால் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். படித்த படிப்பையும் போட்டிருந்த கான்வாஸ் ஷூவையும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆகவே இந்தப் பயணத்தில் நான் பெட்டியில் வைத்திருந்தது நானே தைத்த கருநீல நீச்சல் உடை, சர்டிபிகேட், இரண்டு சேலை. துணி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் துணி என்று பெண்களுக்குத் தெரியும். என் கணக்குப்படி அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நீச்சலில் எனக்குப் பயம் கிடையாது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஏழு வயதில் கற்றுக்கொண்டது. மணப்பாறையில் கூடையோடு ஏறி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாள், போகிற காரியத்தை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்.

"நீந்தறதுக்கா சம்பளம் தராங்க?"

"சொல்லிக் கொடுக்கறதுக்குங்க."

"எங்க எருமை நல்லா நீந்தும். அதுக்கு யாரும் ஒண்ணும் தர்றதில்ல" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சு எடுத்துக் கொடுத்தார். பூங்குடி தாண்டும் வரை அதைத் தின்றுகொண்டு வந்தேன்.

மாலை நாலேகாலுக்கு ஜங்ஷன். அங்கிருந்து ஸ்ரீரங்கம் ஆறு மைல், டவுன் பஸ்ஸில் இருபது நயா பைசா. என்னோடு படித்த ரங்கநாயகியின் வீடு அங்கே வடக்குச் சித்திரை வீதியில் இருந்தது. ரங்கா கோயம்புத்தூர்ப் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சர் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் இரண்டு இரவு தங்க வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அந்த வீட்டில் யாரையும் நான் பார்த்ததில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது எட்டிப் பார்த்தேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, பாலத்தின் நீளத்துக்கும் மணல்தான். ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். நீச்சல் குளம் எதற்குக் கட்டினார்கள் என்று அப்போது புரிந்தது.

ஐந்தரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் கோலம் கலையாமல் இருந்தது. மடிசார் கட்டிய மாமி ஒருவர், ரங்காவின் அம்மாதான், உள்ளே நின்றுகொண்டிருந்தார். செருப்போடு ஏறலாமா, செருப்பை எங்கே விடுவது, நம்மை நடு வீட்டுக்குள் விடுவார்களா என்று ஒன்றும் புரியாமல் நான் தெருவிலேயே ஐந்தடி தள்ளி நின்றேன். தள்ளி நின்றதுதான் தப்பாகப் போயிற்று.

"ரங்காவோட சிநேகிதியா?" என்றார் மாமி. தலையாட்டினேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தூரமோ?" என்றார்.

"ஆமாங்க மாமி, தூரந்தான்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மணிலேர்ந்துங்க. மணப்பாறை வந்தப்புறம் ஒரே அவஸ்தை. சரியா உட்காரக்கூட முடியல."

மாமியின் முகம் அப்படியே இளகிவிட்டது. "பாவம், வழியிலயேவா. அது சொல்லிண்டா வரும். நீ இப்படி வராதே, பக்கத்துச் சந்தோட சுத்திண்டு கொல்லை வழியா வா" என்றார்.

பாசஞ்சர் வண்டி சொல்லிக்கொண்டுதானே வரும், அட்டவணையே இருக்கிறதே என்று நினைத்தபடி சந்தைச் சுற்றிக்கொண்டு போனேன். கொல்லையில் ஒரு கிணறு, துவைக்கிற கல், மூலையில் கதவு வைத்த குளியல் தடுப்பு, அதை ஒட்டி ஓர் அறை. எட்டடிக்கு ஆறடி இருக்கும். ஒரே ஜன்னல். மாமி பத்தடி தூரத்தில் நின்றபடி அந்த அறையைக் காட்டினார். தட்டும் தம்ளரும் அங்கேயே இருக்கிறது என்றும், தண்ணீர் வேண்டுமானால் கூப்பிட வேண்டும், கிணற்றைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சாதி பார்க்கிற வீடு என்று தெரியும், ஆனாலும் சிநேகிதியின் வீடு. ரங்காவும் நானும் இரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் வீட்டில் எனக்குக் கொல்லை அறையும் தனித் தட்டுமா என்று நினைக்க நினைக்க ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அப்படியே திரும்பி ஜங்ஷனில் ஒரு லாட்ஜுக்குப் போய்விடலாம் என்று பெட்டியைத் தூக்கினேன்.

"நீயும் வந்துட்டியா? வா, வா. தனியா உக்காந்து போரடிச்சுண்டிருந்தேன்" என்று அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

உள்ளே ஒரு பெண் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். ரங்காவின் அண்ணன் மனைவி வைதேகி. மன்னி, மன்னி என்று ரங்கா வாய் ஓயாமல் சொல்வாளே, அவள்தான். கணவரின் படிப்புக்காக இரண்டு வருடம் லண்டனில் இருந்துவிட்டு ஆறு மாதம் முன்புதான் திரும்பியிருந்தார்கள். நான் பெட்டியும் கையுமாகப் பொருமிக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். வாசலில் நடந்த பேச்சைச் சொன்னேன்.

மன்னி பத்திரிகையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அம்மா கேட்டது மைல் கணக்கு இல்லைடி. நீ குளிக்காம இருக்கியான்னு கேட்டா. மூணு நாள் கணக்கு. எங்காத்துல அதுக்குத் தூரம்னு பேர்."

எங்கள் பக்கத்தில் அதை வீட்டுக்கு விலக்கு என்போம். தூரம் என்றால் எங்களுக்குத் திண்டுக்கல்லும் திருச்சியும்தான். மாமி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒருதரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரியாக உட்காரக்கூட முடியவில்லை என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன். ஆத்திரம் போய்ச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமி உள்ளிருந்து என்ன என்று குரல் கொடுத்தார்.

"போய்ச் சொல்லிடட்டுங்களா மன்னி?"

"இப்போ என் பாயில உக்காந்துட்டியே. இனிமே தலைக்குத் தீர்த்தம் விட்டுண்டுதான் உள்ள போகணும். பேசாம இங்கயே இரு. காத்து வரும், வேலை கிடையாது, அம்மா நன்னா சாப்பாடு போடுவா."

இருந்துவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி மன்னி சொன்னது உண்மை. ஏழு மணிக்கு மாமி தூர நின்று தட்டில் பரிமாறிய புளியோதரையை நான் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு நீந்தப் போகிற கதையைச் சொன்னேன். மன்னி காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நல்லவேளை, உனக்கு நிஜமா தூரமில்லை. இருந்திருந்தா இதுதான் வழி" என்று தன் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன அட்டை டப்பாவை எடுத்தாள். உள்ளே காகிதம் சுற்றிய குழல்கள். ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு அட்டைக் குழல், அதற்குள் ஒரு விரல் கனத்துக்கு இறுக்கிச் சுருட்டிய பஞ்சு, அதன் அடியில் ஒரு வெள்ளை நூல். பார்ப்பதற்குக் கார்த்திகை விளக்குக்குப் போடுகிற தடித்த திரி மாதிரி இருந்தது. மன்னி அதற்குத் திரி என்றே பேர் வைத்திருந்தாள். இங்கிலீஷ் பேரைச் சொன்னால் மாமி காதில் விழுந்து, அது என்ன என்று கேட்பாராம்.

"இதை எங்க கட்டிக்கறது?"

"கட்டிக்கறதில்லை. உள்ள வெச்சுக்கணும்."

நான் கையிலிருந்ததைப் பாயில் போட்டுவிட்டேன். எனக்கு உடம்பைப் பற்றிப் பாடமே நடத்தியிருந்தார்கள். எலும்பு இருநூற்றாறு, தசை இத்தனை என்று ஒப்பித்துப் பாஸ் பண்ணியவள். அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும் வாத்தியாரம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அங்கே ஒரு வழி இருக்கிறது என்பதையே அன்றைக்கு அந்த டப்பாவிலிருந்த காகிதத்தின் படத்தில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நமக்கு எதற்கு, புதன்கிழமைக்கு வையம்பட்டியில் இருப்போம் என்று படுத்துத் தூங்கினேன்.

சனிக்கிழமை, காலை ஐந்தே கால். அடிவயிற்றில் பழகின வலி வந்து எழுப்பியது. சேலையைப் பார்த்தேன். நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

மன்னியை எழுப்பிச் சொன்னேன். "அம்மா வாய்ல வந்தது பலிச்சுடுத்தே" என்றாள், ஆனால் சிரிக்கவில்லை. பழைய துணி ஒன்று கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாது. பள்ளிக்குப் போய் இன்னொரு நாள் தாருங்கள் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் டிரில் டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்பார்கள். குறித்த நேரம் என்று எழுத்தில் வேறு கொடுத்திருக்கிறார்கள். ஆடி முடிந்து ஆவணியில் தாமரைப்பாடி. நான் அழுதேன் என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை.

மன்னி டப்பாவை எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். 

"உள்ள போய்க் காணாமப் போயிட்டா?" என்றேன்.

"எங்க போகும்? அது ஒரு முட்டுச் சந்து. கடைசியில ஊசி முனையாட்டமாத்தான் வழி. நூல் வேற வெளில தொங்கிண்டிருக்கும்."

"எனக்குக் கல்யாணம் ஆகலீங்களே மன்னி."

மன்னி டப்பாவிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். "அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுடி. எனக்குக் கல்யாணம் ஆனப்பறம்தான் இதைத் தெரியும். காகிதத்துல கல்யாணமாகாதவாளும் வெச்சுக்கலாம்னு போட்டிருக்கு. லண்டன்ல எங்க மாடியில இருந்த நர்ஸும் அதான் சொன்னா. வாசல்ல ஒரு ஜவ்வு இருக்குமாம், முழுக்க மூடியிருக்காதாம். நீயே யோசிச்சுப் பாரு, மூடியிருந்தா மாசாமாசம் இது எப்படி வெளில வரது?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஊரில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"நீங்க பயந்தீங்களா?"

"நாலு மாசம் அலமாரியில வெச்சுத் தினமும் பார்த்துண்டிருந்தேன். பயந்தேனாவாம்."

ஆறு மணிக்கு மாமி இறைத்து வைத்துவிட்டுப் போன ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் ஒரு குழலும் அந்தக் காகிதமுமாகக் குளியல் தடுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மன்னி வெளியே காவல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். படத்தில் இருந்தபடி ஒரு காலை அங்கே கவிழ்த்துக் கிடந்த இன்னொரு வாளி மேல் வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நேராக மேலே தள்ளினேன். சுவரில் முட்டின மாதிரி முட்டி நின்றது, வலித்தது. எடுத்து எறிந்துவிட்டேன்.

"முடியலீங்க மன்னி. எனக்கு வழியே இல்லபோல இருக்கு."

"நேரா மேல தள்ளினியா? அப்படியில்லை. முதுகுப் பக்கமா, கீழ் இடுப்பைப் பார்த்துச் சாய்ச்சுத் தள்ளணும்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. கதவின் கீழ்ச் சந்து வழியாக இன்னொரு குழலும் வந்தது.

இரண்டாவது குழல் பாதி தூரம் போயிற்று. நான் அவசரப்பட்டு விட்டுவிட்டேன். ஓர் அடி எடுத்து வைத்தால் உறுத்தியது. மன்னியிடம் சொன்னேன். உறுத்தினால் சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம், நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடு என்றாள். இழுத்தேன், வந்துவிட்டது. அப்போது ஒன்று புரிந்தது. வைத்தது திரும்ப வருகிறது. காணாமல் போவது என்ற பயம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

மூன்றாவது குழல் கதவுச் சந்து வழியாக வந்தபோது மணி ஏழு ஆகப் போகிறது. நான் என்னையே ஒருதரம் பார்த்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைத் தூக்கிக்கொண்டு, தொடை இரண்டும் கல்லாக இறுகி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அட்டென்ஷன் என்று யாரோ கத்தினது போல. இப்படி நிற்கிற பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினால் நேரே அடிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். ஸ்டாண்ட் அட் ஈஸ் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். "என்னது?" என்றாள் மன்னி. மூச்சை மெதுவாக வெளியே விட்டேன், தோள் இறங்கியது, கால் தளர்ந்தது. விட்ட மூச்சோடு சாய்த்துத் தள்ளினேன். வழி இருந்தது. வெளிக் குழலைப் பிடித்துக்கொண்டு உள் குழலைத் தள்ளி, இரண்டு குழலையும் எடுத்துவிட்டேன். நூல் மட்டும் மிஞ்சியது.

நடந்து பார்த்தேன். குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வந்து நூலைத் தொட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்தபோது மன்னி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று குழல்களைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தாள். நாலைந்து மணிக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், மறந்துபோய் உள்ளேயே விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள்.

ஏழரை மணிக்குக் கொல்லைக் கதவு வழியாகக் கிளம்பினேன். மாமியிடம் மன்னியே ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. திருவானைக்காவல் வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கே ஏறின கூட்டம் என்னை இடித்து உட்கார வைத்துவிட்டது. உட்கார்ந்தால் ஒன்றும் ஆகவில்லை. பாலத்தில் பஸ் குலுங்கியது, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் பைசாவை ஒருதரம் எண்ணிப் பார்த்தார். மெயின் கார்டு கேட்டில் பஸ் மாறி, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பள்ளிக்குள் நுழைந்தேன்.

குளம் இருபத்தைந்து கெஜம் நீளம், ஆழமான பக்கம் எட்டடி. நாலு நீளம் நீந்த வேண்டும், பிறகு அடியில் போட்ட ஒரு செங்கல்லை முங்கி எடுத்து வர வேண்டும். தலைமைச் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு குமாஸ்தா கையில் கடிகாரத்தோடு நின்றார். வந்திருந்தது மூன்று பேர். முதலில் நீந்தியவள் மூன்றாவது நீளத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். இன்னொருத்தி கும்பகோணத்துக்காரி. நீச்சல் உடை மாற்றாமல் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஏன் ரெடியாகலை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"உடம்பு சரியில்லீங்க சிஸ்டர்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

உடம்பு என்றதும் குமாஸ்தா வேறு பக்கம் பார்த்தார். சிஸ்டர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஆனாலும் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பையில் இன்னும் மூன்று இருந்தன. அவளைக் கூப்பிட்டுப் பின்பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். அரை மணி அவகாசம் கேட்டால் சிஸ்டர் கொடுத்திருப்பார், கொடுக்காமலும் இருந்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாதவளிடம் இதை எப்படிப் பேசுவது என்று வெட்கம் எனப் பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம் அன்று காலை கதவுச் சந்தோடு போய்விட்டிருந்தது. அவள் நீந்தினால் என்னைவிட நன்றாக நீந்திவிடுவாளோ என்றுதான் சும்மா இருந்தேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். குதித்தேன். தண்ணீர் குளிர்ந்து இறுக்கியது, முதல் நீளம் முழுக்கப் பின்னால் சிவப்பாக ஏதாவது வருகிறதா என்ற நினைப்புதான். திரும்பும்போது தண்ணீருக்குள்ளேயே பார்த்தேன். நீலமாக, சுத்தமாக இருந்தது. இரண்டாவது நீளத்திலிருந்து நினைப்பே இல்லை, நீந்தினேன். செங்கல்லை ஒரே மூச்சில் எடுத்து வந்து சிஸ்டரின் காலடியில் வைத்தேன். அவர் பாதணி நனைந்தது. கோபித்துக்கொள்ளவில்லை.

"பதினஞ்சாம் தேதி வந்து சேந்துடுங்க. தொண்ணூறு ரூபாய் சம்பளம். செங்கல்லை மட்டும் இனிமே தூரமா வைங்க" என்றார்.

கேட் பக்கம் கும்பகோணத்துப் பெண் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். சந்தோஷங்க என்று நிஜமாகவே சொன்னாள். அவள் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தபோது மாமி கிணற்றடியில் இருந்தார். ஈரத் தலையைப் பார்த்துவிட்டார். "முதல் நாளேவா தலைக்கு விட்டுண்டே?" என்றார். பொய் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. நீச்சல் குளத்தில் நீந்தினேன், வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எப்படி நீந்தினாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அறை வாசலில் மன்னி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மாமி வாளியைக் கீழே வைத்தார்.  பிறகு, "அதுக்காகத் தீட்டு போயிடாது, தெரிஞ்சுக்கோ" என்றார். சரிங்க மாமி என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி பரிமாறும்போது கேட்காமலே அப்பளம் இரண்டாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, சேர வரும்போது இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு, இந்தத் தரம் வாசல் வழியாக வா என்றாள். மாமி சந்து முனை வரை வழக்கமான இடைவெளி விட்டுக் கூட வந்தார். சாதாரணமாக விருந்தாளியை வழியனுப்ப அவ்வளவு தூரம் வருவது அவர் வழக்கமில்லை என்று பின்னால் மன்னி சொன்னாள்.

"ஏன்டி கொழந்தை, வலிச்சுதா?" என்றார் திடீரென்று. பார்வை தெருவில் இருந்தது.

"பயந்துக்கிட்டு நின்னப்ப வலிச்சுதுங்க மாமி. பயத்தை விட்டப்புறம் வலிக்கல."

மாமி தலையாட்டினார். "இருபத்தொன்பது வருஷம் அந்த அறையில உக்காந்தேன். மூணு தரம் வைகுண்ட ஏகாதசி அன்னிக்கே வந்துடுத்து. பரமபத வாசல் திறக்கற சத்தத்தை அங்கேர்ந்துதான் கேட்டேன். அது போகட்டும், பெருமாளுக்குத் தெரியும்." கொல்லைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "ரங்கா அங்க மாசாமாசம் மூணு நாள் லீவு போடறாளாம். ஸ்கூல்ல மத்தவா முணுமுணுக்கறாளாம். டிரில் டீச்சர் எப்படி ஓடாம குதிக்காம இருக்கறதுன்னு எழுதியிருந்தா. நான் என்னத்தைச் சொல்ல? நீ அவளுக்கு எழுதறச்சே இதை எழுது. நான் சொன்னேன்னு எழுதாதே."

திருச்சிக்கும் வையம்பட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் கேட்டார்கள். அங்கே கொல்லை அறைக்கு ஜன்னல் இருக்கிறது, எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு கட்டில்தான் என்று நான் சொல்லவில்லை. பாலம் பெரிது, புழுதி ஒன்றுதான் என்றேன். அப்பா தாமரைப்பாடிக்கு வேண்டாம் என்று கார்டு எழுதினார். எனக்கு வருத்தம் வருமோ என்று பார்த்தார், வரவில்லை.

மன்னி கொடுத்த மூன்றில் இரண்டு செலவாகி ஒன்று மிச்சமிருந்தது. எனக்கும் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது, துணியையே கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ரங்காவுக்கு நாலு பக்கம் எழுதினேன். முதுகுப் பக்கமாகச் சாய்க்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டேன். கும்பகோணத்துப் பெண்ணைப் பற்றியும் எழுதினேன், அதை எழுத மற்றதைவிட அதிக நேரம் ஆயிற்று. இன்லண்ட் லெட்டருக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது தபால் சட்டம். அதனால் ஒரு பெரிய கவர் வாங்கினேன்.

போஸ்ட்மாஸ்டர் கவரை எடைபோட்டுவிட்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "உள்ள என்னம்மா இருக்கு?"

"பஞ்சுங்க. சிநேகிதிக்கு வேணும்" என்றேன், அவர் முகத்தை நேராகப் பார்த்து.

சரி என்று முத்திரை குத்தினார்.